பம்ப் ஒயரைப் பிடுங்கிய மகாராசனுக்கு

ஏங்க, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், ஒரு கதை சொல்கிறேன். ஒரு வீட்டில், ஒருத்தி கதை சொல்லிப் பதிவு செய்கிற கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அது சூடாகிவிடாமல் இருக்க உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரைத் தள்ளுகிற குட்டிப் பம்ப்பின் ஒயரை ஒரு மகாராசன் பிடுங்கிவிட்டார்.

நீங்கள்தான்!

"அது ஙொய்ங்குது, உன் கதையில கேக்குது, அதான் கழட்டிட்டேன். ஃபேன்தான் சுத்துதே!" என்று பெருமை வேறு. தண்ணீர் ஓடாமல் பெட்டி கொதித்து, நான் கதையின் முடிவுக்கு வந்த நேரம் பார்த்துப் பட்டென்று அணைந்துவிட்டது. பதிவு செய்தது அத்தனையும் போச்சு. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற பிள்ளைகள் சாயங்காலம் அந்தக் கதைக்குத்தான் காத்திருக்கும். நானே நேரில் போய்ச் சொல்லப் போகிறேன், இந்த முட்டி வலியோடு.

சாப்பாடு மேசையில் மூடி இருக்கிறது. ரிப்பேர் செய்கிற தம்பி வருவார். பம்ப்புக்கு எப்போதும் முழு கரண்ட் வருகிற இடத்தில் அவரே ஒயரை மாட்டட்டும். நீங்கள் கதவைத் திறந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும்.

சாவி ஆணியில் தொங்குகிறது. ஸ்க்ரூடிரைவரைத் தேடாதீர்கள், அது என் பையில்.

இன்னொன்று. என் குரல் சுத்தமாகக் கேட்கட்டும் என்றுதான் செய்தீர்கள், தெரியும். கோபம் ஆறவில்லை. ஆனாலும் கதை சொன்னவள் வாழ்த்தாமல் போகக் கூடாது. இந்த வீட்டில் ஓட வேண்டியது ஓடட்டும், ஆற வேண்டியது ஆறட்டும், உங்கள் கை மட்டும் சும்மா இருக்கட்டும்.