வெந்நீர் காணாத தராலி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இந்தத் தூரின் நகரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கார அம்மாள் ஒத்தாவியாவுக்குத்தான் ஒரு பல் குறைகிறது.

ஞாயிற்றுக்கிழமை பெருஞ்சீரகம் போட்டு நம்மூர் தராலி ரொட்டி வளையங்களை நானே சுட்டேன். ஒரு வளையத்தைக் கடித்தவர், "ஏம்ப்பா நுன்சியோ, உங்க ஊர்ல இதைத் திங்கிறீங்களா, இல்ல வீடு கட்டுறீங்களா?" என்று கத்திவிட்டார்.

நீ சுடும்போதெல்லாம் அடுப்பில் ஒரு பானை கொதிக்குமே, அது எதற்கென்று அப்போதுதான் உறைத்தது. வளையங்களை முதலில் வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்து நீ என்னை ஒயின் வாங்க அனுப்பிவிடுவாய்.

செய்முறை எழுதி அனுப்பாதே. ஒத்தாவியாவின் மிச்சப் பற்களைக் காப்பாற்ற நீயே ரயிலேறி வா. ஆலைச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

ஒயின் வாங்கி வைத்துவிட்டேன். இந்த முறை என்னை வெளியே அனுப்ப முடியாது.

உன் நுன்சியோ