எந்த ரூபாய் இறங்கினாலும்

அண்ணை,

இன்று காலை முல்லைத்தீவுக் கூட்டுறவுச் சங்கக்கடையில் பெருங்காயப் பெட்டியொன்றை உடைத்தோம். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மாதக்கணக்காக வராமல் இருந்த சாமான். மூடியை நெம்பியதும் எழுந்த மணத்துக்கு, வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அது உங்கள் சமையல் கையின் மணம்.

நீங்கள் இறந்துபோன செய்தி போன கிழமைதான் எனக்குக் கிடைத்தது. வவுனியாவில் புடைவைக்கடை வைத்திருக்கும் உங்கள் ஊர்க்காரர் சொன்னார். யாரோ ஒருவருக்குச் சேலைத்துணி அளந்துகொண்டிருந்தவர், முழக்கோலை நிறுத்தாமலே சொன்னார். மதுரையில் ஏதோ ஒரு சாப்பாட்டுக்கடையில், அடுப்புக்கு முன்னால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்களாம். கடைக்காரன் அன்று மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தவில்லையாம். துணியைக் கிழித்து மடித்துக் கொடுத்துவிட்டு, "வேறென்ன பாக்கிறியள்?" என்று அடுத்த ஆளிடம் கேட்டார். எங்கள் ஊரில் இருந்து இருந்து அவருக்கும் எங்கள் பேச்சு வந்துவிட்டது.

புதுக்குடியிருப்பு பஸ்தரிப்புக்கு எதிரே இருந்த அந்தச் சாப்பாட்டுக்கடைக்கு நான் வந்தபோது நீங்கள் அங்கே பழைய சமையல்காரர். நாயாற்றில் அப்பாவின் வள்ளம் புயலோடு போனபிறகு, கடலை விட்டுக் காசுப்பெட்டிக்கு முன்னால் உட்கார வந்தவன் நான். கடைக்குப் பின்னாலிருந்த அறையில் ஒரு பாய் உங்களுக்கு, ஒரு பாய் எனக்கு. நான் படுக்கைக்குமுன் செபம் சொல்லும்போது நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வீர்கள். என் சாமி வெட்கப்படக்கூடாதாம். பரமக்குடிக்குப் பக்கத்தில் உங்கள் கிராமம். அங்கே மனைவியும், ஓலைக் குடிசையும், தண்ணீரில்லாத ஒரு துண்டு நிலமும் இருப்பதாகச் சொன்னீர்கள். பிள்ளைகளைப் பற்றி நான் ஒருமுறை கேட்டேன். "தங்கல தம்பி" என்றீர்கள். பிறகு நான் கேட்கவில்லை.

உங்களுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. மனைவி ஒரு நாளாவது ஓட்டுக்கூரைக்குக் கீழே மழைச் சத்தம் கேட்கவேண்டும்.

அறுபத்தாறாம் ஆண்டு, வற்றாப்பளைக் கோயில் வைகாசிப் பொங்கல் கூட்டம் கலைந்த நேரத்தில்தான் ரேடியோவில் அந்தச் செய்தி வந்தது. இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டதாம். அகப்பையோடு வெளியே ஓடிவந்தீர்கள். இத்தனை வருடம் அனுப்பியதெல்லாம் பாழாய்ப் போய்விட்டதோ என்று உங்களுக்குப் பயம். தபாற்கந்தோரிலிருந்து தேத்தண்ணிக்கு வந்திருந்த கிளாக்கர்தான் உங்களை உட்காரவைத்து விளக்கினார். இதுவரை அங்கத்தை ரூபாயும் இங்கத்தை ரூபாயும் ஒன்றுதான். இனி இங்கிருந்து நூறு அனுப்பினால் உங்கள் வீட்டில் நூற்றைம்பதுக்கு மேல் எண்ணிக் கொடுப்பார்கள். நீங்கள் நம்பவில்லை. அடுத்த மாதம் மனைவியிடமிருந்து அப்படியே கிடைத்ததென்று பதில் வந்த பிறகுதான் நம்பினீர்கள். அன்று உங்கள் செலவில் ரவை வாங்கி, கடையில் வேலைசெய்த எல்லோருக்கும் கேசரி கிண்டினீர்கள். முதலாளிக்கும் ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். அவரிடம் சந்தோஷமாக எல்லாவற்றையும் சொன்னீர்கள். அவரும் சந்தோஷமாகக் கேட்டார்.

குடிசையைப் பிரித்துவிட்டுச் சுவர் எழுப்பச் சொல்லி வீட்டுக்கு எழுதினீர்கள். எழுதிக் கொடுத்தது நான்தான். எத்தனை சன்னல் என்பதில் நமக்குள் ஒரு பின்னேரம் முழுக்க வாக்குவாதம்.

மாதமுடிவில் முதலாளி உங்களைக் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் என்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். வெள்ளிக்கிழமையில் பிச்சைக்காரருக்குச் சோறு போடுகிறவர், வேலையாட்களைக் கைநீட்டி அடிக்காதவர். மேசையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, மிகவும் அமைதியாக, இந்த மாதத்திலிருந்து உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"நான் உமக்கு ஒண்டும் குறைக்கேல்லை. உம்மடை வீட்டுக்கு முந்தி எவ்வளவு போச்சுதோ, இனியும் அவ்வளவுதான் போகப்போகுது. பிறகு உமக்கென்ன நட்டம்?"

நீங்கள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அதிலிருந்த கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

"அடுப்பு இங்கதான மொதலாளி எரியுது" என்றீர்கள்.

விசா நீடிப்புக்கு அந்த வருடமும் தான்தான் கையெழுத்து வைக்கவேண்டும் என்பதை மட்டும் நினைவூட்டினார். ஒரு கிழமைக்குள் சந்தையடி சலூன்காரர் தன்னிடமிருந்த நாகர்கோவில் பொடியனுக்கும் அதே கணக்கைப் போட்டார். லோண்டரிக்காரரும் போட்டார். எல்லோரும் எங்கள் முதலாளியின் மூளையை மெச்சினார்கள். ஒருவருக்கும் நட்டமில்லாமல் லாபம் காணுகிற வழியைக் கண்டுபிடித்தவர் அல்லவா.

ஆனால் நட்டம் இருந்தது. உங்கள் ஊரில் அரிசிக்குத் தட்டுப்பாடு. முந்திய அதே தொகை போய்ச் சேர்ந்தது, ஆனால் முந்திய அரிசி அதற்குக் கிடைக்கவில்லை. ஓட்டுக்கென்று ஒதுக்கியது சோற்றுக்குப் போயிற்று. சுடாத பச்சைக்கல் சுவர் ஆளுயரத்துக்கு மேல் எழும்பிக் கூரையில்லாமல் நின்றது. பழைய குடிசை இல்லை, புது வீடும் இல்லை. சுவர்களுக்கு மேல் தென்னோலையைப் பரப்பி உங்கள் மனைவி அதற்குள்ளேயே குடியிருந்தார். நீங்கள் பகலில் சமைத்தீர்கள், கடை சாத்தியபின் பக்கத்துக் கல்யாண வீடுகளுக்கும் போய்ச் சமைத்தீர்கள். கைகளில் எண்ணெய்ச் சூட்டுக் காயம் ஆறாமலே இருந்தது. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, நல்ல உழைப்பாளி என்று வாடிக்கையாளருக்குச் சொல்லுவார்.

அடுத்த ஆண்டு கார்த்திகையில் இரண்டு அடிகள் சேர்ந்து வந்தன. முதலில் தந்தி. மழையில் ஊறிய சுவர் விடியற்காலையில் சரிந்து, உள்ளே படுத்திருந்த உங்கள் மனைவியின் இடுப்பு முறிந்துவிட்டது. பரமக்குடி ஆஸ்பத்திரியில் கிடந்தார். தந்தியை நான்தான் வாசித்தேன். நீங்கள் திரும்பவும் வாசிக்கச் சொன்னீர்கள். பிறகு உள்ளே போய்ச் சாம்பாரை இறக்கிவைத்தீர்கள், அது அடிப்பிடித்துவிடுமென்று.

அதே மாதத்தில் எங்கள் அரசாங்கமும் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. நூற்றைம்பதுக்கு மேல் போன காசு நூற்றிருபத்தைந்தளவுக்கு இறங்கிவிட்டது என்று அதே கிளாக்கர் சொன்னார். இந்தமுறை நீங்களாகவே முதலாளியிடம் போனீர்கள். உங்கள் குரல் உயரவேயில்லை.

"அன்னைக்கு எங்க ரூவா எறங்குச்சுன்னு கொறச்சீங்க. இன்னைக்கு உங்க ரூவா எறங்கியிருக்கு. ஏத்திக் குடுங்க மொதலாளி."

அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"அது உங்கடை நாடு செய்தது. இது எங்கடை நாட்டுக்கு வந்த கஷ்டம். எல்லாருந்தான் தாங்கவேணும். நானும் தாங்கிறன்தானே."

அந்தக் கிழமைதான் அவர் சாப்பாட்டு விலையை ஏற்றியிருந்தார்.

ஊருக்குப் போய் வர லீவு கேட்டீர்கள். தாராளமாகப் போகலாம், ஆனால் திரும்பிவரக் கடிதம் தருவதென்றால் வைகாசிப் பொங்கல் முடியவேண்டும் என்றார். கடிதமில்லாமல் போனால் உழைப்பு அத்தோடு போச்சு. ஆஸ்பத்திரிக்கு யார் அனுப்புவது? இருந்தீர்கள். தை போயிற்று, மாசி போயிற்று. மனைவியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தார்கள். எந்த வீட்டுக்கு என்று எழுதவில்லை. பொங்கலுக்கு முதல்நாள் முதலாளி வந்து, ஆனியில் இன்னொரு திருவிழா இருக்கிறது, ஆடியில் பார்ப்போம் என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள்.

பொங்கலன்று விடியவே பஸ்கள் நிறைய சனம் வந்து இறங்கிற்று. வருடத்தில் அந்த ஒரு நாள் விற்பனைதான் கடையைத் தூக்கி நிறுத்துவது. குசினியில் அடுப்பு எரியவில்லை. நீங்கள் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, துணிமூட்டையை மடியில் வைத்தபடி முன்வாங்கில் உட்கார்ந்திருந்தீர்கள். கைக்குழந்தைகளோடு நின்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். முதலாளி முதலில் அதட்டினார். பிறகு மன்றாடினார். கடைசியில், "பழைய சம்பளத்தைத் தாறன். அடுப்பை மூட்டும்" என்றார்.

"குடுக்க முடியும்னு இப்பத்தான் தெரியுது மொதலாளி" என்றீர்கள். நீங்கள் அவர் முகத்தை நேராகப் பார்த்து நான் கண்டது அப்போதுதான்.

மத்தியானம் பொலிஸ் வந்தது. காசுப்பெட்டியிலிருந்து நீங்கள் பணம் எடுத்ததாக முதலாளி முறைப்பாடு கொடுத்திருந்தார். பொலிஸ் வருமுன்பே என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய், ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடையில் எனக்கும் ஒரு பங்கு வைக்கலாம் என்றார். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது, நாயாற்றில் நான்கு வாய்கள் என் காசுக்குக் காத்திருந்தன. பொலிஸ்காரர் கேட்டார். பெட்டியில் ஒரு சதமும் குறையவில்லை, கணக்குப் பார்க்கிறவன் நான்தான் என்றேன். முதலாளி என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கே என் பாயையும் வெளியே வைக்கச் சொன்னார்.

களவுக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆனால் வேலை போனால் விசாவும் போச்சு. தலைமன்னாரில் கப்பலேற்ற உங்களை ஒரு பொலிஸ்காரரோடு அனுப்பினார்கள். மாங்குளம்வரைக்கும் நானும் அதே பஸ்ஸில் வந்தேன். பொலிஸ்காரர் நல்லவர், உங்கள் கையில் விலங்கு போடாமல் சன்னலோரம் உட்காரவிட்டார். பஸ் ஒட்டுசுட்டானைத் தாண்டியது. பிறகு சொன்னீர்கள்:

"அந்தாளு கணக்குல தப்பே இல்லப்பா. அதான் பயமா இருக்கு."

மாங்குளத்தில் ரயில் வந்தபோது என்னை நாயாற்றுக்குத் திரும்பிப் போகச் சொன்னீர்கள், கடல் ஏமாற்றினாலும் அது தாளில் எழுதிக் காட்டி ஏமாற்றாது என்று. சிரிக்கப் பார்த்தீர்கள்.

மிச்சத்தைப் புடைவைக்கடைக்காரர்தான் சொன்னார். நீங்கள் போய்ச் சேர்ந்தபோது மனைவிக்கு முதுகெல்லாம் படுக்கைப் புண். இரண்டு மாதம் நீங்கள் பார்த்தீர்கள். அவர் கண்ணை மூடியபிறகு மதுரைக்கு வேலைதேடிப் போனீர்களாம். ஓட்டுக்கூரை கடைசிவரை ஏறவில்லை. மிச்சமிருந்த சுவர் மழையில் கரைந்துபோயிற்று, நிலைக்கதவை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

முதலாளி நன்றாக இருக்கிறார். கடைக்கு மேல்மாடி எழும்புகிறது. கோயிலில் ஒரு திருவிழா அவருடைய உபயம். போன மாதம் சந்தையில் கண்டபோது அன்பாக விசாரித்தார். நீங்கள் இருந்த காலத்து ரசத்தைப் போல இப்போது யாரும் வைப்பதில்லை என்று கவலைப்பட்டார்.

நான் கடலுக்குப் போகவில்லை, அண்ணை. சங்கக்கடையில் இருக்கிறேன். புது றோட்டுப் போட்டதால் லொறி இப்போது வாசல்வரைக்கும் வருகிறது. மூட்டை தூக்குகிறவர்கள் நடக்கும் தூரம் பாதியாகிவிட்டது, அதனால் கூலியையும் பாதியாக்கலாம் என்று மனேச்சர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அவர்களுக்கும் நட்டமில்லை, சங்கத்துக்கும் நல்லது என்றார். அவர் முகத்திலும் ஒரு கெடுதலும் இல்லை. பாரம் ஒரு இறாத்தலும் குறையவில்லை என்பது தாளில் இல்லை.

"ஒருத்தருக்கும் நட்டமில்லையெண்டால், குறைக்கிற காசு ஆருடைய பைக்குள்ளையிருந்து வருகுது, ஐயா?" என்று கேட்டேன்.

கடையில் எல்லோரும் கேட்கும்படிதான் கேட்டேன். மூட்டை தூக்குகிறவர்கள் என்னைப் பார்த்தார்கள். அவர் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இன்று பின்னேரம் எனக்கு இடமாற்றக் கடிதம் வந்திருக்கிறது, செட்டிகுளத்துக் கிளைக்கு. கூலி அடுத்த மாதத்திலிருந்து பாதி.

திங்கட்கிழமை போகிறேன். அங்கேயும் ஒரு மனேச்சர் இருப்பார், அவரிடமும் ஒரு தாள் இருக்கும். அவரிடமும் கேட்பேன்.