தாழையூர் ஏலங்குழலி கழகம் புகுதற் பொருட்டு

மழை பிழையாது, மடை உடையாது, மருதவளை நாடு வாழ்க. முரசம் மூன்றுடைய கோ நெடுமுரசரின் திருவாணைப்படி, பேரமைச்சர் மதிற்கிள்ளியார் சொல்ல, ஓலைநாயகம் காரியடிகள் எழுதியது. கொன்றைமேட்டு உயிர்நூற் கழகத் தலைவர் இளவெயினனாரும், அங்குள்ள பூச்சிநூல் ஆசான் பூதங்கண்ணனாரும் ஒருங்கிருந்து காண்க. உங்கள் சுவடி மாடமும் மூலிகைத் தோட்டமும் செழிக்க.

தாழையூர் உழவர் மகள் ஏலங்குழலி என்பாள் ஒரு மூங்கிற் குழாயோடு அமைச்சர் அவைக்கு வந்தாள். நெற்கதிரை வெளுக்கச் செய்யும் அந்துப்பூச்சியின் முட்டைகள் அதில் இருந்தன. எள்ளினும் சிறிய குளவி ஒன்று அம்முட்டைகளுக்குள் தன் முட்டையை இடுகிறதென்றும், அவ்வாறு இட்ட வயல் பிழைக்கிறதென்றும், அக்குளவி சில வயல்களுக்கு மட்டும் வருவது ஏனென்று கற்கவே கழகம் புக விரும்புவதாகவும் அவள் விண்ணப்பித்தாள். அப்படியாயின் பொரிந்து வருவது யாருடைய பிள்ளை என்று அமைச்சர் மும்முறை கேட்டார். இன்னும் அவருக்கு அது முழுதும் விளங்கவில்லை என்பதை மறைப்பதற்கில்லை.

ஆயினும் அவர் தலை சுற்றியது அதனால் அன்று. கழகப் பட்டியலில் பெயர் ஏறியவரையே மாணாக்கராக ஏற்பேன் என்று ஆசான் அவளிடம் உரைத்தாராம். ஆசான் ஒருவர் ஏற்றவரையே பட்டியலில் ஏற்றுவோம் என்று தலைவர் உரைத்தாராம். எதிரெதிரே நிற்கும் இரு மாளிகைகளுக்கிடையே அவள் பதினொரு முறை நடந்தாள். பன்னிரண்டாம் முறை நடக்க மனமின்றி, இருவர் தந்த ஓலைகளையும் அமைச்சர் முன் வைத்தாள். அவர் படித்தார்; ஓலை மாறிவிட்டதோ என்று ஐயுற்று இடம் மாற்றிப் படித்தார்; எப்படிப் படித்தாலும் கதவு திறக்கவில்லை.

ஐப்பசி முழுநிலவோடு சேர்க்கை முடிகிறது. அதற்கு ஒன்பது நாளே உள்ளது. மூன்று போகம் மணியற்ற வெண்கதிரே அறுத்த அவள் தந்தை, இவ்வாண்டு இடம் கிடையாதாயின் அவள் நாற்றங்காலுக்குத் திரும்பிவிட வேண்டுமென்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியுள்ளார்.

இத்தகைய விதியை வகுத்த அறிவிலி யாரென்று அமைச்சர் சினந்து, மூல ஓலைகளைக் கொணரச் செய்தார். தகுதியற்றோரைக் கழகம் ஆசான் தலையில் கட்டாதிருக்க ஒரு விதி. ஆசான் தம் மருமக்களையே சேர்த்துக்கொள்ளாதிருக்க மற்றொரு விதி. இரண்டும் இரு வேறு ஆண்டுகளில் எழுதப்பட்டவை, இரண்டும் நல்லவை. இரண்டின் அடியிலும் இருந்தது மதிற்கிள்ளியாரின் இலச்சினையே.

பின்பு கழகத்தின் ஆண்டறிக்கைகளைக் கேட்டார். ஐந்தாண்டாக ஒருவரும் சேரவில்லை என்றும், இக்காலத்து இளையோர்க்குக் கல்வியில் நாட்டம் குன்றியது என்றும் நீங்கள் வருந்தி எழுதியிருந்தீர்கள். அரண்மனையும் உங்களோடு சேர்ந்து வருந்திற்று. வந்தவர்கள் தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள் என்பதை அமைச்சர் இப்போது அறிந்து நாணுகிறார். அதையும் எழுதுமாறு எம்மைப் பணித்தார்.

ஆகவே ஆணை. இவ்வோலையோடு கட்டிய வெற்றேட்டின் ஒரு புறத்தில் தலைவரும் மறு புறத்தில் ஆசானும் ஒரே நாழிகையில் பெயர் பொறித்து ஏலங்குழலியை ஏற்க. முன்புறம் எது, பின்புறம் எது என்று வினவி மறுவோலை விடுக்கற்க, அமைச்சருக்கும் தெரியாது. இதனைக் கொண்டுவருபவள் அவளே. குழாயில் முட்டைகள் பொரியத் தொடங்கிவிட்டன, வாயிலில் நிறுத்தற்க.

இலச்சினை இட்டது, இம்முறை இருமுறை படித்த பின்.