காருக்குக் கொலுசு போட்டாயிற்று

அன்பான ரோஸ்லின் அப்பாவுக்கு,

உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமே இல்லை. இப்போது எழுத்தில் மட்டும் வந்துவிடுமா? அதனால் பழையபடியே கூப்பிடுகிறேன். முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் மினி காருக்கு அந்த அலோய் ரிம் நான்கையும் போட்டாயிற்று. நான்தான் போட்டேன். ரோஸ்லினும் நானும் என்று எழுதாவிட்டால் பக்கத்தில் இருந்து எட்டிப் பார்க்கிறவள் சண்டைக்கு வருவாள்.

ஞாபகம் இருக்கிறதா? போன வருஷம் சித்திரையில் நுவரெலியாவுக்குக் கார் ஓட்டப் போட்டி பார்க்கப் போனீர்கள். வளைவில் மண்மேட்டோடு மோதி உடைந்த ஒரு மினியிலிருந்து கழற்றிய சக்கரங்களை, தேயிலைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினீர்கள். அப்பச்சட்டி அளவுச் சக்கரங்கள். கறுத்துப் போய், ஒன்றின் விளிம்பு நசுங்கிக் கிடந்தது.

"இரும்பு இல்ல பிலோ, அலுமினியக் கலப்பு. தூக்கிப் பாரு, கனமே இல்ல" என்றீர்கள்.

"காருக்குக் கொலுசு போடப் போறீங்களாக்கும்" என்றேன் நான்.

"ஆமா. தோட்டத்துத் தொரை காருக்குப் பக்கத்துல நம்ம காரு நின்னா நாலு பேரு நம்மளதப் பாக்கணும்ல?"

சிரித்தீர்கள். ஆனி மழை தொடங்கியபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், அவ்வளவுதான். சக்கரங்கள் சாக்கோடு கட்டிலுக்கு அடியில் கிடந்தன. தேயிலை ஃபெக்டரியில் உங்களுக்குக் கொடுத்திருந்த டீமேக்கர் குவார்ட்டர்ஸை விட்டு, டயகமவிலேயே பள்ளியில் எனக்குக் கிடைத்த டீச்சர் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோதும் அந்தச் சாக்கை முதலில் ஏற்றியது நான்தான். ஏன் ஏற்றினேன் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

காரை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். மழையிலும் பனியிலும் நின்றது. இரும்புச் சக்கரங்களைத் துரு தின்று, இரண்டில் காற்றே நிற்கவில்லை. ஹட்டனிலிருந்து உங்கள் அண்ணன் வந்தபோது அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

"ரெண்டு பொம்பளைங்க இருக்கிற வீட்டுல காரு எதுக்கும்மா? ஓட்ட ஆளில்ல. தெரிஞ்சவரு ஒருத்தரு கேக்குறாரு, குடுத்துருவோம்."

அவர் கெட்டவர் இல்லை, உங்களுக்கே தெரியும். உங்கள் அடக்கத்தன்று என்னைவிட அதிகம் அழுதவர் அவர். ஆனால் ஓட்ட ஆளில்லை என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார் பாருங்கள், அதுதான் எனக்குச் சுருக்கென்றது. அக்கரப்பத்தனை வளைவுகளில் நான் ஓட்ட, நீங்கள் இடப்பக்கம் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து வந்ததெல்லாம் அவருக்கு எங்கே தெரியும்?

"வருசப் பூசைக்கு அந்தக் காருலதான் ஹட்டனுக்கு வருவோம் அத்தான். வந்து சேரலைன்னா நீங்க சொல்ற ஆளுக்கே குடுத்துருங்க" என்றேன். வாய் எனக்கு எப்போதும் நீளம்.

அப்புறம்தான் சாக்கைப் பிரித்தோம். மோதிய காரின் சக்கரமாயிற்றே, வெடிப்பு இருந்தால் என்ன செய்வது? பாஸ் வந்து வழி சொன்னார். தலவாக்கலை கராஜ்காரர்தான், நீங்கள் எப்போதும் காரை விடுவீர்களே, அவரேதான். மண்ணெண்ணெய் பூசித் துடைத்துவிட்டு மேலே சுண்ணாம்புத் தூள் தூவினால், வெடிப்புக்குள் போன எண்ணெய் கோடாக ஊறி வெளியே தெரியுமாம். சுண்ணாம்புக்கு டீச்சர் வீட்டில் பஞ்சமா? வகுப்பில் மிஞ்சிய சோக்குத் துண்டுகளை அம்மியில் அரைத்தோம். நான்கு சக்கரமும் மாவு பூசிய பலகாரம் போல முற்றத்தில் கிடக்க, நானும் மகளும் குனிந்து குனிந்து கோடு தேடினோம். ஒன்றிலும் இல்லை. ரோஸ்லின் என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கன்னமெல்லாம் வெள்ளை.

நசுங்கிய விளிம்பை அரத்தால் ராவி, எமரித் தாளால் தேய்த்தோம். பள்ளி விட்டு வந்து தேய்ப்பேன். ரோஸ்லின் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை முடிந்து வந்து தேய்ப்பாள். லயத்து வீடுகளின் பெண்கள் கொழுந்தை எடை போட்டுவிட்டுப் போகிற வழியில் நின்று, "டீச்சரம்மா, சட்டி வெளக்குறீங்களா?" என்பார்கள். கறுப்பு போய் உள்ளே இருந்து வெள்ளிநிறம் எட்டிப் பார்த்த நாளில் கேலி நின்றது. அவர்களே உட்கார்ந்து ஒரு கை தேய்த்துக் கொடுத்தார்கள்.

இடறி விழுந்தது பெயிண்டில். சில்வர் பூசி, மேலே பளபளப்புக்கு லெக்கர் அடித்து, வராந்தாவில் காயப் போட்டோம். நம் ஊர்ப் பனியை மறந்துவிட்டேன் பாருங்கள், இவ்வளவு காலம் இதிலேயே இருந்துகொண்டு. காலையில் பார்த்தால் பாலாடை படிந்த மாதிரி நான்கும் வெளுத்துக் கிடந்தன. ஈரம் லெக்கருக்குள் புகுந்துவிட்டது. எல்லாவற்றையும் சுரண்டி மறுபடி தொடங்க வேண்டும். பூசையோ அடுத்த வாரம். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. காருக்காக அழுதேனா, உங்களுக்காகவா என்று தெரியவில்லை.

உங்களுக்குக் கீழே வேலை பார்த்த நடராஜா தம்பிதான் இப்போது டீமேக்கர். விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார்.

"டீச்சர், ஞாயித்துக்கெழம கொழுந்து இல்ல. மெசின் நிக்கும், ஆனா ட்ரையர் பக்கம் சூடு இருக்கும். ரிம் நாலையும் கொண்டாந்து வைங்க. ஒரே நாள்ல காஞ்சிரும்."

ஆசையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அந்தச் சூட்டில் வைத்தால் கவலை விட்டது. ஆனால் நான் பவுடர் பூசிக்கொண்டு ஃபெக்டரிக்கு வந்த அன்று நீங்கள் என்னை வாசலிலேயே நிறுத்தினீர்களே. தேயிலை பக்கத்தில் இருக்கிற வாடையையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று, கட்டிய மனைவியை முகம் கழுவ அனுப்பிய மனிதர் நீங்கள். அன்று எனக்கு எவ்வளவு கோபம். இப்போது நானே நடராஜாவிடம் சொன்னேன்.

"வேணாம் தம்பி. பெயிண்ட் வாடை அந்த அறையில தங்கிரும். திங்கக்கெழம தேயிலையில ஏறும். அவரு பாத்த ஃபெக்டரி அது. காரே போனாலும் பரவாயில்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஐயா இருந்தா என்னைய ஏசியிருப்பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சாயந்திரம் நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கட்டு நம் வாசலில் கிடந்தது. இந்த மழையில் காய்ந்த விறகு யார் கொடுப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.

அந்த விறகைப் பார்த்ததும்தான் வழி தோன்றியது. முன்னறையைக் காலி செய்தோம். மாதா படத்தைக்கூடக் கழற்றிச் சமையலறைக்குக் கொண்டுபோனோம். ஜன்னல் இடுக்கிலெல்லாம் சாக்கைத் திணித்து, கணப்பில் தீ மூட்டி, சுவர் சுடும்வரை எரித்தோம். பெயிண்டும் நெருப்பும் ஒரே அறையில் ஆகாது என்பதால், தணலையெல்லாம் அள்ளி வெளியே கொட்டிவிட்டு, அந்தச் சூட்டில் லெக்கர் அடித்துக் கதவைச் சாத்தினோம். சக்கரங்கள் முன்னறையில் மகாராஜா மாதிரி இருந்தன. மாதாவும் மகளும் நானும் சமையலறையில்.

மறுநாள் கதவைத் திறந்தேன். ஒரு வெளுப்பு இல்லை. விளிம்பில் என் முகம் தெரிந்தது. உங்களைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன்.

பாஸ் காரை லொறியில் ஏற்றிக் கராஜுக்குக் கொண்டுபோனார். அங்கே டயர் ஏற்றியதும், பழைய நட்டையே எடுத்து மாட்டப் போனேன். பாஸ் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். "மிஸ், இந்த ரிம் தடிப்பு. பழைய ஆணியில நட்டு ரெண்டு சுத்துதான் பிடிக்கும். மலையில கழண்டு போகும்." நீளமான ஆணி போட்டுத் தந்தார். நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக நான் இறுக்கினேன். கொஞ்ச தூரம் ஓடியதும் நிறுத்தி இன்னொரு தரம் இறுக்கச் சொன்னார்.

பூசையன்று மழைக்குள் கிளம்பினோம். லிந்துலை தாண்டி, பாஸ் சொன்னபடி ஓரமாக நிறுத்தி, வெள்ளைச் சேலையைச் செருகிக்கொண்டு நட்டு முடுக்கினேன். அவ்வழியே வந்த பஸ் மெதுவாகி, ஆட்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நிமிர்ந்தே நின்றேன். நாலு பேர் பார்க்கணும் என்றது நீங்கள்தானே?

ஹட்டன் கோயில் வாசலில் உங்கள் அண்ணன் குடையோடு நின்றார். காரைப் பார்த்தார். பூசை முடிந்து வெளியே வந்தபோது, அவர் எங்களுக்கு முன்பே காரடியில் இருந்தார். குடையை மடக்கிவிட்டு, தன் கைக்குட்டையால் முன்சக்கரத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்து, நான் ஓட்டும்போது நீங்கள் உட்காரும் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"கல்லறைக்கு இதுலயே போவோம். மெதுவா ஓட்டும்மா" என்றார். முதல் வளைவில் அவர் கால் தரையை அழுத்தியதைப் பார்த்தேன். நீங்கள் மிதித்த அதே இல்லாத பிரேக்.

விற்கிற பேச்சு அதன்பிறகு எழவில்லை. இனி எழவும் விடமாட்டேன். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் சேறு துடைப்பேன், நட்டு இறுக்குவேன், ஒவ்வொரு ஆனியிலும் இந்தக் கொலுசோடுதான் உங்களிடம் வருவேன். இது என் வாக்கு.

பவுடர் பூசாமல் வாசலில் நிற்கும்,
உங்கள் வீட்டுக்காரி,
பிலோமினா.