கதவில்லாத கார்

மயிலாப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

சிரஞ்சீவி பரத்வாஜுக்கு அப்பா மனசார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் பகவான் புண்ணியத்தில் சௌக்கியம், என் இடது முழங்கால் ஒன்றைத் தவிர. அங்கே ஜெர்மனியில், மியூனிக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது அப்பா எதற்கு ஸ்டாம்ப் ஒட்டிக் கடிதம் போடுகிறார் என்று நினைப்பாய். என் போனை என்னைவிட உன் அம்மாதான் அதிகம் பார்க்கிறாள், அதனால்தான்.

லஸ் கார்னரில் மெட்ரோவுக்குத் தோண்டியது இன்னும் மூடின பாடில்லை. ஆதம்பாக்கத்தில் உன் அத்தை ஸ்ரீரஞ்சனிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக ஆயிற்று, ஒரு போன் போட்டு விசாரி. மொட்டைமாடித் தொட்டி ஒழுகுகிறது, பிளம்பர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கிறான். இதெல்லாம் உன் அம்மா ஏற்கெனவே சொல்லியிருப்பாள். எனக்கென்று சொல்ல அவள் ஒரு செய்தியைக்கூட மிச்சம் வைப்பதில்லை, அதுதான் என் குறையே. நீ கூப்பிட்டால் பிபி மாத்திரை ஆச்சாப்பா என்பாய், நான் ஆச்சு என்பேன், உடனே அம்மாகிட்ட குடுங்கோ என்பாய். அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசுவீர்கள், நான் படித்த பேப்பரையே திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன்.

அதற்காகத்தான் படம் போடக் கற்றுக்கொள்ளப் போனேன். பிள்ளை கார் டிசைன் பண்ணுகிறான், அவனிடம் பேச அப்பனுக்குக் காரைப் பற்றி நாலு விஷயம் தெரிய வேண்டாமா? மந்தைவெளியில் அனன்யா என்று ஒரு பெண் சனிக்கிழமைகளில் ஸ்போர்ட்ஸ் கார் வரையச் சொல்லித்தருகிறாள், போர்டு பார்த்துவிட்டுச் சேர்ந்தேன், கூடப் படிப்பதெல்லாம் வாண்டுகள். உன் அம்மா எனக்குத் துணையாகத்தான் வந்தாள், இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். சும்மா எதுக்கு உக்காந்துண்டு இருக்கேள் மாமி என்று அந்தப் பெண் அவள் கையிலும் ஒரு பென்சிலைக் கொடுத்தாள், எனக்குச் சனி அங்கே பிடித்தது.

முதலில் இரண்டு சக்கரம் போட வேண்டும், நடுவே இன்னும் மூன்று சக்கரம் கொள்ளும்படி இடம் விட வேண்டும், அப்புறம் மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரே வளைவு. நான் ஸ்கேல் வைத்து, அழித்து அழித்துப் பேப்பர் கிழிகிற வரைக்கும் போட்டேன். ஸ்போர்ட்ஸ் கார்னா தரையோட படுத்துண்டு இருக்கணும் அங்கிள், இது ஷேர் ஆட்டோ மாதிரி நிக்கறதே என்றாள் அனன்யா, வாண்டுகள் எல்லாம் சிரித்தன. நான் என்ன செய்ய, தாழ்த்திப் போட்டால் நம் தெரு ஸ்பீட் பிரேக்கரில் அடி இடிக்குமே, ஐப்பசி மழையில் சைலன்சருக்குள் தண்ணீர் போய்விடுமே என்று கை தானாக உயர்த்திவிடுகிறது. உன் அம்மாவோ வாசலில் கோலம் போடுகிற கையால், பென்சிலைத் தூக்காமல் ஒரே இழுப்பில் ஒரு காரைப் போட்டாள். சும்மா சொல்லக் கூடாது, அழகென்றால் அப்படியொரு அழகு. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. வரும் வழியில் ஒரு காபி சாப்பிடலாமா என்று கேட்டாள், தலைவலி என்று சொல்லிவிட்டேன். மறுநாளே பாண்டி பஜாருக்குப் போய் ஷேடிங் பென்சில் ஒரு செட் வாங்கிவந்தாள், அதில் எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை.

போன வாரம் அந்தக் காரை உனக்கு அனுப்ப ஆசைப்பட்டாள். போனில் எடுத்தால் கோடு மங்கலாக விழுகிறது, ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் பண்ணிண்டு வாங்கோ என்று என்னையே அனுப்பினாள். கடையில் கூட்டம். காத்துக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன், காருக்குக் கதவே இல்லை! கோலத்தில் கோட்டை விடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது போலச் சுற்றிச் சேர்த்துவிட்டாள், உள்ளே ஏற வழியில்லை. எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். அப்படியே போகட்டும், டிசைன் பண்ணுகிற பிள்ளை பார்த்துக் கேலி பண்ணட்டும் என்று நினைத்தேன். அப்புறம் யோசித்தேன், நீ கேலி பண்ணினாலும் அவளிடம்தானே பண்ணுவாய், அதற்கு இன்னும் ஒரு அரை மணி சிரிப்பீர்கள். அவளை நீ கேலி பண்ணுவதும் எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. கடைக்காரரிடம் பென்சில் வாங்கி, ஜன்னல் கண்ணாடிக்குக் கீழேயிருந்து லேசாகப் பின்னால் சாய்த்து ஒரு கதவு போட்டேன். ஸ்கேல் இல்லை, ரப்பர் இல்லை, ஒரே இழுப்பு.

ஸ்கேன் பண்ணிக் கொடுத்ததை அவள் உனக்கு அனுப்பினாள், நீ அவளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய். கார் பிரமாதம்மா, அதுலயும் அந்தக் கதவுக் கோடு இருக்கே, ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டினேன் என்றாய். அவள் அதை ஸ்பீக்கரில் போட்டு எதிர் ஃபிளாட் காமாக்ஷி மாமி வரைக்கும் கேட்க வைத்தாள். கதவு போட்டது ஞாபகமே இல்லை, கை தானா போட்டிருக்கு பாருங்கோ என்று என்னிடமே பெருமையடித்துக்கொண்டாள். நான் மோர்சாதத்தைப் பிசைந்து பிசைந்து கஞ்சியாக்கிக்கொண்டிருந்தேன்.

பரத்வாஜ், அந்தக் கதவு நான் போட்டது. அவளிடம் மூச்சுவிடாதே, பாவம், சந்தோஷமாக இருக்கிறாள். ஆனால் உனக்குத் தெரியாமல் போனால் எனக்கு ஆறாது.

உடம்பைப் பார்த்துக்கொள், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, வெந்நீர்தான். தீர்க்காயுசாக, மனசு போல எல்லாம் அமைந்து நீ க்ஷேமமாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று செய். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் உன் அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள், உங்கள் ஊரில் அப்போது மத்தியானம். அந்த நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டு அந்தக் கதவைப் பற்றி ஏதாவது கேள். என்ன வேண்டுமானாலும் கேள், நான் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
விஜயராகவன்