புழு விழாத கத்தரி

மஞ்சு அப்பாவுக்கு,

தென்காசியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். தேடி வர வேண்டாம்.

உங்களுக்கு விதை கொடுத்த இசக்கிமணி அண்ணாச்சி நேற்று சந்தையில் கேட்டார்: "மரபணு மாத்துன கத்தரி நல்லா காய்க்குதா தாயி? புழுவே விழாதுல்லா!"

நம் வயலில் இருப்பது அந்த விதை என்று எனக்கு அதுவரை தெரியாது.

போன வாரம் மேலகரத்தில், நம்மிடம் காய் வாங்குபவர்கள் கூடிய கூட்டத்தில், குற்றாலத்தில் சாப்பாட்டுக்கடை நடத்தும் நூர்நிஷா எழுந்து, "நீ சொல்லுக்கா, ஒன்னய நம்பித்தான் வாங்குதேன்" என்றாள். நம் வயலில் நாட்டு விதைதான் என்று மகள் மேல் சத்தியம் செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் தலையாட்டினீர்கள்.

அந்தக் காயால் கெடுதல் இல்லை என்கிறார்கள் சிலர், உண்டு என்கிறார்கள் சிலர். எது சரியென்று எனக்குத் தெரியாது. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இன்று நூர்நிஷாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "ஒங்கிட்டயுமா அண்ணன் மறைச்சாக?" என்று மட்டும் கேட்டாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

மஞ்சு அம்மா