நூறு மூட்டில் எண்பத்தொரு வெள்ளை வேர்

கொல்லயில் கிராமம், 1955 டிசம்பர் 4, ஞாயிறு, பகல் 2 மணி 10 நிமிடம். பிடுங்கிப் பார்த்த நெல் மூடு, அதாவது தூர், நூறு. புது வெள்ளை வேர் விட்டது எண்பத்தொன்று.

அன்புள்ள மகன் ஜெயதாசுக்கு, ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மையும் சுகம், கோயம்புத்தூர்க் குளிரில் உன் இருமல் நின்றதா என்று எழுது. மேலே உள்ள கணக்கை இன்னொரு தடவை படி. நெல் பிழைத்துவிட்டது! 'இந்த மண்ணாங்கட்டி விவசாயப் படிப்பு போதும், எல்லைப் போராட்டத்துக்கு வாறேன்' என்று நீ எழுதியதற்கு என் பதில் அதுதான், ஆனாலும் விளக்கினால்தான் உனக்கு ஏறும்.

நம் ஏலா வயல்வெளியில் பதினாலு பேர் வயலிலும் நட்ட மூன்றாம் வாரத்தில் நெல் செம்பட்டையாகிக் காய்ந்தது, வயலில் நின்ற வெள்ளத்தின் மேல் எண்ணெய் போல ஒரு மினுக்கம் படர்ந்தது. மேட்டு வயல் கருணாகரனுடையது மட்டும் பச்சை. ஆள் மலையாளத்துக்காரர், ஊர் தமிழ்நாட்டோடு சேராமல் திருக்கொச்சியோடேயே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டவர், போதாதா? வாய்க்காலில் ஏதோ கலக்கிவிட்டார் என்று பேச்சு. நான் சோதித்துச் சொல்கிறேன், ஆளுக்கொரு டப்பா மண் கொண்டுவாருங்கள் என்றேன். அங்கேதான் மடத்தனம் செய்தேன். திருவனந்தபுரத்தில் எங்கள் விவசாய இலாகா ஆய்வுக்கூடத்தில் பார்த்தால் பதினாலும் தங்கம், அப்படியே சீட்டு எழுதிக் கொடுத்தேன். 'மண்ணு நல்லதாக்கும்னு நம்ம ரெத்தினதாஸே சீட்டு தந்தாச்சு, அப்போ வெள்ளத்திலதாம்லே விஷம்' என்று போராட்டத்தில் முன்னே நிற்கும் சுவாமிதாஸ் அண்ணன் சபைக் கோயில் வாசலில் முழங்கினார். திங்கட்கிழமை கருணாகரன் வரப்பை வெட்டுவது, தடுத்தால் ஆளையும் வெட்டுவது என்று முடிவாயிற்று. என் சீட்டை வைத்து ஒரு கொலை!

உடனே தெற்கு வயல் செல்லபாய் மைனியிடம் டப்பா மண்ணை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். 'வயலிலயா எடுப்பாவ? அது சவத்து மண்ணுல்லா. மாட்டுத் தொழுத்துக்குப் பொறத்தால வெத்திலைக் கொடி மூட்டில எடுத்து அரிச்சுத் தந்தேன். அறுப்புப் பண்டிகைக்குக் கோயிலுக்கு சொத்தைக் காயா கொண்டுபோவோம்?' என்றாள். மற்றவர்களையும் கேட்டேன், பதினாலு பேரும் அதே! சர்க்காருக்குக் காணிக்கை படைத்திருக்கிறார்கள்.

அப்போதே நானே சேற்றில் இறங்கினேன். வெள்ளத்துக்கு அடியிலேயே குப்பியை அமிழ்த்தி, காற்றுப் புகாமல் நிறைத்து மூடி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். மருந்து சொட்டியதும் செம்பருத்தியாய்ச் சிவந்தது, இரும்பு! வெள்ளம் தேங்கி மூச்சு முட்டிய மண்ணில் நுண்ணுயிர்கள் துருவைக் கரைத்து விடுகின்றன, நெல் அதைக் குடித்துச் சாகிறது. மேட்டு வயலில் வெள்ளம் வடிகிறது, கருணாகரன் செய்த மந்திரம் அவ்வளவுதான்.

இரண்டு வாரம் முன்பு, அந்த வெட்டுக்கு முந்தின நாள், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லாரையும் வரப்புக்கு இழுத்துக்கொண்டு போய் அந்த மினுக்கத்தைக் குச்சியால் கீறினேன். எண்ணெயானால் திரும்பச் சேரும், இது பப்படம் போல நொறுங்கித் தனித்தனியாக நின்றது. துரு என்றேன். 'அப்போ வெள்ளம் ஏம்லே கெட்டிக் கிடக்கு?' என்றார் சுவாமிதாஸ் அண்ணன். வெள்ளம் வடியும் ரோட்டடி மடையைப் போய்ப் பார்த்தோம். போன வருடப் போராட்டத்தில் போலீஸ் வண்டியை மறிக்க உருட்டிப் போட்ட தென்னந்தடிகள் மடை வாயை அடைத்துக் கிடந்தன. அண்ணன் தலையைச் சொறிந்தார், 'அது எனக்க தடியாக்கும்' என்றார். அதற்குள் கருணாகரன் மண்வெட்டியோடு வந்து மடையில் இறங்கிவிட்டார். 'வெட்டணும்னு சொன்னீரில்லா அண்ணாச்சி, வாரும், இதை வெட்டுவோம்' என்றார். ஏலா முழுக்கச் சிரித்தது. வெள்ளத்தை வடித்து ஐந்து நாள் காயவிட்டு, சுண்ணாம்பு போட்டோம், இன்றைக்கு எண்பத்தொன்று.

படிப்பை விட்டுவிட்டு வந்து நின்றாயானால் தோலை உரிப்பேன், எனக்கு முப்பத்தொன்பது வயதுதான், கை நன்றாக ஓங்கும். எல்லைக்காகக் கோஷம் போட இங்கே ஆயிரம் பேர் உண்டு, குப்பி நிறைக்க நான் ஒருவன். பிறர் கொண்டுவரும் மண்ணை மட்டும் ஒருநாளும் நம்பாதே. அம்மை கொடுத்துவிட்ட கம்பளியை மறக்காமல் போர்த்து. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அப்பா,
ரெத்தினதாஸ்

இனி நான் செய்யப்போவது:
1. பழைய பதினாலு சீட்டும் தப்பு, தப்பு என்னுடையது என்று இலாகாவுக்கு நாளைக்கே எழுதுவது.
2. பதினாலு வயலிலும் மறுபடி குப்பி நிறைப்பது, என் கையால்.
3. மாதந்தோறும் மடை தோண்ட முறை வைப்பது. முதல் முறை சுவாமிதாஸ் அண்ணனுக்கு.
4. அறுப்புப் பண்டிகைக்கு நம் வயல் கதிரோடு, கருணாகரன் தருவதாகச் சொன்ன ஒரு கட்டுக் கதிரையும் கோயிலுக்குச் சுமப்பது. தலையில் ஏற்றிவிட சுவாமிதாஸ் அண்ணன் வருகிறார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னது.